சாமுராய்க்குப் பல் கட்டிய அண்ணாச்சி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வண்ணார்பேட்டையில் என் கடை வாசலில் உட்கார்ந்து காதர் பாயின் ஆட்டோவுக்கு நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை யார் கடை திறக்கிறார்கள் என்று கேட்பீர்கள். என் கையெழுத்துதான் வேண்டும் என்று வண்டிகள் மேம்பாலம் வரை வரிசைகட்டி நிற்கும்போது ஒரு மனுஷன் எப்படி வீட்டில் படுத்துக்கிடக்க முடியும்? அப்போதுதான் போன் அடித்தது. பாளையங்கோட்டையிலிருந்து ஜெபா, தங்கையா அண்ணாச்சியின் மகள்.

"மாமா, அப்பா போயிட்டாங்க."

காலையில் வேதக்கோயிலுக்குப் போய், முன் வரிசையில் உட்கார்ந்து பாட்டெல்லாம் பாடிவிட்டு வந்து, கோழிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, "உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு" என்று குறையும் சொல்லிவிட்டு நாற்காலியில் கண்ணை மூடியவர், மூடியபடியே இருந்துவிட்டாராம். எழுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு புறப்பாடு ராஜாக்களுக்கே வாய்க்காது.

போனை வைத்துவிட்டு மறுபடி பிரஷ்ஷை எடுத்தேன். காதர் பாய் என் தோளைத் தொட்டார். "அண்ணாச்சி, என் வண்டிக்கு எட்டு ஒண்ணுதான். நீங்க வரிசையா மூணு எட்டு போட்டுட்டீங்க." விஷயத்தைச் சொன்னேன். "பல்செட் தங்கையாவா? எங்க வாப்பாவுக்கு அவருதான பல்லு கட்டுனாரு. மௌத்தாகுற வரைக்கும் வாப்பா எலும்பக் கடிச்சுத்தான் தின்னாங்க. ஏறுங்க வண்டியில." நம்பர் இல்லாத ஆட்டோவில் பாளையங்கோட்டைக்குப் போனோம். வழியில் நிறுத்திய போலீஸ்காரரும் பெயரைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவருடைய மாமனார் வாயிலும் அண்ணாச்சி கட்டிய பல்தான்.

நினைவு ஆராதனைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். அதில் அப்பாவைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும் என்று ஜெபா கேட்டபோது நான் ஆச்சரியப்படவில்லை. ஒன்பதாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன் நான். ஒரு வருஷம் படித்தவர்களைவிட எனக்கு இரண்டு மடங்கு தெரியும். "ஆனா மாமா, அளக்கக்கூடாது" என்றும் சொன்னாள். அண்ணாச்சியே சொல்வார்: "ஏலே சுடலை, நீ சொல்லுதத நாலால வகுத்துத்தாம்லே நான் நம்புவேன்." இதை வாசிக்கிறவர்களும் அப்படியே வகுத்துக்கொள்ளுங்கள். வகுத்த பிறகும் அவர் பெரிய மனுஷன்தான்.

அவரைத் தெரியாத பாளையங்கோட்டைக்காரர் இருக்க முடியாது. டாக்டர்கள் பல்லைப் பிடுங்குவார்கள், அச்செடுத்து அனுப்புவார்கள், பல்செட்டு செய்வது அண்ணாச்சி. அவர் வீட்டுப் பின்னறையில் மெழுகு, சிமெண்டு அச்சு, சின்னச் சின்ன ராவுகத்தி, நடுவில் அவர். ஒரு குறை மட்டும் அவருக்கு உண்டு. அதை என்னிடம் பலதடவை சொல்லியிருக்கிறார்.

"நல்ல பல்லு கட்டிக் குடுத்தா அவன் திரும்பி வரவே மாட்டான் சுடலை. வலிச்சாத்தான் வருவான். இத்தன வருசமா எம் வாசல்ல வந்து நின்னவன் பூராவும் வாயப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னான். வேலை தெரிஞ்ச ஒருத்தன் பாத்துட்டு 'சரியா இருக்கு'ன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. சாகுறதுக்குள்ள அதை ஒரு தடவ கேக்கணும்லே."

இவ்வளவுதான் அவர் ஆசை. காசு வேண்டாம், மாலை வேண்டாம், மைக் செட்டு வேண்டாம். வேலை தெரிந்தவர் வாயிலிருந்து ஒரு "சரி". கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. கிடைப்பதற்கு அவர் ஜப்பான் வரைக்கும் சுற்ற வேண்டியிருந்தது.

ஜப்பான் அவருக்கு ஒரு டாக்டரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. அங்கே கிடந்த வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டியபோது ஒரு பக்கம் முழுக்க சாமுராய் வீரனின் கவசம். தலைக்கு இரும்புக் குல்லாய், மூக்குக்குக் கீழே இரும்பு முகமூடி, அந்த முகமூடியில் குதிரைமயிர் மீசை, மீசைக்குக் கீழே வெள்ளிப் பூச்சில் வரிசையாகப் பல். வேறு யாராக இருந்தாலும் வாளைப் பார்த்திருப்பார்கள். அண்ணாச்சி பல்லைப் பார்த்தார். பார்த்துவிட்டு கம்பவுண்டரைக் கூப்பிட்டு, "யாருவே இவனுக்குப் பல்லு கட்டுனது? கடவாய்ப் பல்லு வரைக்கும் வச்சிருக்கான்!" என்று கேட்டிருக்கிறார். கம்பவுண்டர் என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு ஜப்பான் பிடித்துக்கொண்டது. புத்தகம் வரவழைத்தார். ஜெபாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து மியூசியம் மியூசியமாகப் படம் பார்த்தார். எந்தக் காலத்தில் எந்தக் கவசம், எந்த ஊர்ப் பிரபு எந்தச் சின்னம் போடுவான், தோள்பட்டைத் தகடுகளை எத்தனை வரிசைக் கயிறு கோத்துப் பிடிக்கிறது, எல்லாம் மனப்பாடம். இப்போது ஜப்பானிலேயே இவ்வளவு தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். அதில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் பாளையங்கோட்டைக்குத்தான் போன் போட வேண்டும்.

அப்புறம் பெங்களூர்க் கடை ஒன்றிலிருந்து பொம்மைகள் வந்தன. கட்டைவிரல் உயரம். சாம்பல் நிறத் துண்டுகளாக வரும். நாம் ஒட்டி, வர்ணம் பூசி, ஆளாக்க வேண்டும். நான் உள்ளே வந்தது அங்கேதான்.

ஒரு நாள் கடைக்கு வந்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காலாள் வீரனை எடுத்து மேஜையில் நிறுத்தினார். அவன் முதுகில் ஒரு கொடி, என் சுண்டுவிரல் நகத்தளவு. "இதுல ஒரு சின்னம் எழுதணும், முடியுமா?" என்றார். நான் சிரித்தேன். பாபநாசத்திலிருந்து கடல் வரைக்கும் தாமிரபரணிக் கரையில் உள்ள கோபுரங்களில் பாதி என் பிரஷ் பட்டவை. மீதிப் பாதி, பட்டிருக்க வேண்டியவை. "அண்ணாச்சி, அரிசியில எழுதச் சொல்லுங்க, எழுதுதேன்" என்றேன்.

"அரிசியில எழுதுதவன் ஊருக்கு ஒருத்தன் இருக்கான். இங்க இவனோட சேத்து ஏழு பேரு இருக்கான். ஏழு பேரும் ஒரே பிரபுவோட ஆளுங்க. ஏழு கொடியும் ஒண்ணு போல இருக்கணும். அது முடியுமாலே உன்னால?"

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எழுதினேன். முதல் ஏழையும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கனம்" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஏழுக்கு, "மூணாவதுக்குக் காய்ச்சல் அடிக்கு போல, சாயுது." இப்படியே அந்த வருஷத்து மழைக்காலம் முடிந்தது. நடுவில் நிற்கிற ஒருவனாவது முதலாளிபோல் இருக்கட்டும் என்று நினைத்து அவனுடைய மார்புக்கவசத்தில் நான் கொஞ்சம் தங்கம் இழுத்துவிட்டேன். தசராவுக்கு வேஷம் போடுகிறவர்களுக்குக் கிரீடமும் மார்பட்டையும் செய்துகொடுத்த கை அது. ராஜா வீட்டு ஆள் என்றால் மின்னத்தானே வேண்டும்? அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "சுடலை, இவன் சண்டைக்குப் போறான். சப்பரத்துல ஏறப் போகல" என்றார். சுரண்டினோம்.

நிறம் விஷயத்தில் அவரைப்போல் ஒரு முரடரைப் பார்க்க முடியாது. ஏழு பேருக்கும் தலைவனாக அடுத்து வந்த தளபதிக்குக் கவசத் தகடுகளைக் கோக்கிற கயிறு நீல நிறம். என்னிடம் பஸ்ஸுக்கு அடிக்கிற நீலமே நாலு வகை இருக்கிறது. எதுவும் ஆகாது என்றுவிட்டார். "வருசக்கணக்கா வெயில்ல நின்ன கயிறுலே இது. எங்க வெளுத்திருக்கும், எங்க வெளுத்திருக்காதுன்னு தெரியாம எப்படிப் பூசுத?" என்று என்னை இழுத்துக்கொண்டு மேலப்பாளையத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போனார். அங்கே போய், நீல நூலில் நெய்து பல வருஷம் உடுத்திய பழைய துணி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

தறிக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "புதுசு கேட்டுத்தான் எல்லாரும் வருவாங்க. நீங்க கந்தல் கேக்குதீங்க. யாருக்கு?"

"ஒரு தளபதிக்கு" என்றேன் நான்.

"எந்த ஊருத் தளபதி?"

"ஜப்பான்."

அவர் உள்ளே பார்த்து, "ஏளா, ஜப்பான் தளபதிக்குப் பழைய துணி வேணுமாம், எடுத்துட்டு வா" என்று சத்தம் போட்டார். உள்ளே பெண்பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. அண்ணாச்சி கொஞ்சமும் அசரவில்லை. வந்த துணியை வெளிச்சத்தில் விரித்து, தோள் பக்கம் எப்படி வெளுத்திருக்கிறது, இடுப்பில் உரசிய இடம் எப்படிச் சாம்பல் பூத்திருக்கிறது, மடிப்புக்குள் எப்படி முதல் நாள் நீலம் அப்படியே இருக்கிறது என்று அரைமணி நேரம் பார்த்தார். தளபதியின் தோள்கயிறு ஒவ்வொன்றிலும் அந்த மூன்று நீலத்தையும் கொண்டுவந்தார். ஒற்றை மயிர் பிரஷ்ஷில், நூல் நூலாக.

வீரர்களில் முகமூடி இல்லாத அதிகாரி ஒருவன் இருந்தான். அவன் பல்லுக்கு அண்ணாச்சி கறுப்பு அடித்தார். அந்தக் காலத்துப் பெரிய இடத்து ஜப்பான்காரர்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வார்களாம்; அதுதான் அழகாம். வாழ்நாள் முழுக்க வெள்ளைப் பல் செய்தவர், ரசித்து ரசித்துக் கறுப்பு அடித்தார். வீட்டுக்கு வந்த ஐயர், அதாவது அவர்கள் கோயில் போதகர், அதைப் பார்த்துவிட்டு, "வெத்திலை போடுவாரோ?" என்று கேட்டார். "போடமாட்டாரு ஐயரே. அவரு பெரிய எடம்" என்றார் அண்ணாச்சி.

இதையெல்லாம் செய்யும்போதே அவர் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. முதலில் காப்பி டம்ளரில் தெரிந்தது. அப்புறம் பல்செட்டு வேலையை நிறுத்தினார். டாக்டர், இது இப்படித்தான் கூடிக்கொண்டே போகும் என்றுவிட்டார். பெங்களூரில் பொம்மைகளுக்கென்றே வருஷத்துக்கு ஒருதடவை கண்காட்சி நடக்கும். பழைய கவசங்களை ஆராய்ச்சி செய்த ஒரு அம்மாதான் அங்கே நடுவர் என்று கேள்வி. அந்த வருஷம் தளபதியை அங்கே கொண்டுபோகாவிட்டால் அடுத்த தளபதி கிடையாது. அண்ணாச்சிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஜெபாவுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் முன்னாலேயே தெரியும். அவர் கையை ஒரு செங்கல்மேல் ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஒரு கோடு, மூச்சை விட்டு ஒரு காப்பி என்று அந்தத் தளபதியை முடித்தார்.

ஒருநாள் பார்த்தால், தளபதியைத் திருப்பி வைத்துக்கொண்டு முதுகில் ஒரு சிவப்புக் குஞ்சம் போட்டுக்கொண்டிருக்கிறார். கயிற்றைப் பெரிய பட்டாம்பூச்சிபோல் முடிந்து தொங்கவிடுவது. அது மட்டும் ஒரு வாரம் எடுத்தது. "அண்ணாச்சி, கை இருக்கிற இருப்புல முதுகுப் பக்கம் எதுக்கு? முதுகு சுவரப் பாத்துத்தான இருக்கப்போகுது?" என்றேன்.

"பல்செட்டுல வெளிப்பக்கம் ஊருக்கு லே. உள்பக்கம் நாக்குக்கு. ஊர ஏமாத்திரலாம். நாக்க ஏமாத்த முடியாது" என்றார்.

இப்போது கண் விஷயத்துக்கு வருகிறேன். இது எங்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் நடந்திருக்காது. வெளியூரில் பொம்மைக்கு வர்ணம் பூசுகிறவர்கள் முகத்தைத்தான் முதலில் முடிப்பார்களாம். எங்களுக்கு அது வராது. சாமி சிலையென்றாலும் கோபுரத்துப் பொம்மையென்றாலும் எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் கண் திறப்பது என் கை பழகிய முறை. இதை அண்ணாச்சியிடம் சொன்னபோது, "நல்ல வழக்கம்லா! அரைகுறையா நிக்கும்போது அவன் நம்மளப் பாக்கக்கூடாதுல்லா" என்று அப்படியே எடுத்துக்கொண்டார். காலாட்கள் ஏழு பேருக்கும் கடைசியில்தான் கண் திறந்தோம். ஒவ்வொருவனுக்கும் ஜெபா கையால் ஒரு சர்க்கரைப் பொங்கல். அண்ணாச்சி ஜெபமும் செய்வார். நான் சூடம் கொளுத்தவில்லை, அவ்வளவுதான்.

ரயிலுக்குப் புறப்படுகிற நாள் காலையில் தளபதிக்குக் குல்லாயும் முகமூடியும் ஒட்டிக் காய்ந்து, எல்லாம் முடிந்துவிட்டது. கண் மட்டும் பாக்கி. ஜெபா அடுப்பில் பொங்கல் வைத்துவிட்டாள். அண்ணாச்சி பிரஷ்ஷை எடுத்தார். முகத்துக்குக் கொண்டுபோனார். நின்றார். குல்லாயின் முன்விளிம்பு மேலே. இரும்பு முகமூடி கீழே. நடுவில் ஒரு கீற்று. எங்களிடம் இருந்ததிலேயே சிறிய பிரஷ்கூட அதற்குள் நுழையவில்லை.

அப்புறம் அண்ணாச்சி சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. "ஏலே சுடலை! கண்ணுக்கு முன்னால கதவ அடச்சிட்டோம்லே!"

குல்லாயைப் பெயர்த்தால் கழுத்துத் தகடு எல்லாம் கையோடு வரும். அது ஆறு மாத நீலம். ஜெபா எட்டிப் பார்த்தாள். "உள்ள இருட்டாத்தானப்பா இருக்கு. கண்ணு இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியப்போகுது?"

"அவனுக்குத் தெரியும்லாம்மா" என்றார் அண்ணாச்சி. "பாக்க வேண்டியவன் அவன்லா."

சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியில் சாய்ந்து, நடுங்குகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பின்னறைக்குப் போனேன். அங்கே அவருடைய பழைய சாமான்கள் ஒரு தட்டில் தூசி படிந்து கிடந்தன. வாய்க்குள் விட்டுப் பார்க்கிற வட்டக் கண்ணாடி, நுனி வளைந்த ஊசி. தட்டோடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். "அண்ணாச்சி, இவன் வாயத் திறக்கான்னு நெனச்சுக்கிடுங்க" என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஊசிய நீ பிடி" என்றார்.

நகத்தளவுக் கொடியைவிடச் சின்னது எதுவும் என் கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடி போட்டாலும் பனிமூட்டம்தான். ஆனால் என் கை பாறை. நாற்பதடி உயரச் சாரத்தில் காற்றடிக்கும்போது நேர்கோடு இழுத்த கை. அவருக்குக் கை இல்லை, கண் இருக்கிறது. அவர் கன்னத்தை மேஜையில் சாய்த்துவைத்துக்கொண்டு வட்டக் கண்ணாடியில் கீற்றுக்குள் பார்த்தார். கண்ணாடி ஆடக்கூடாது என்று ஜெபா அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் வளைந்த ஊசிநுனியில் ஒரு துளி வர்ணம் தொட்டு, பக்கவாட்டில் உள்ளே விட்டேன்.

"பைய... பைய... எடப்பக்கம். உன் எடப்பக்கம் இல்லலே, அவன் எடப்பக்கம்! மேல. இன்னும் ஒரு மயிரிழை. நில்லு. மூச்ச விடாத. தொடு."

தொட்டேன்.

"எடு."

எடுத்தேன். ஒரு கண் வந்துவிட்டது. அடுத்த கண்ணுக்கும் அதே பாடு. அது முடியவும் அடுப்பில் பொங்கல் தீயவும் சரியாக இருந்தது. நல்லவேளை, தளபதி சாப்பிடுகிற நிலையில் இல்லை. நாங்கள் மூன்று பேரும் அடிப்பிடித்த பொங்கலைச் சுரண்டித் தின்றோம். அதைவிட ருசியான பொங்கல் எந்தக் கோயில் மடைப்பள்ளியிலும் நான் சாப்பிட்டதில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தளபதி நேராகப் பார்க்கவில்லை, ஓரக்கண்ணால் இடப்பக்கம் பார்க்கிறான். "பாக்கான்லா, அது போதும்" என்றார் அண்ணாச்சி.

பல்செட்டு வைக்கிற டப்பாக்களில் பஞ்சு அடைத்து ஆளுக்கொரு டப்பாவில் படுக்கவைத்து ரயிலேறினோம். எதிர் சீட்டு அம்மாள் டப்பாவைப் பார்த்து, "இத்தன பேருக்குப் பல்லா கொண்டு போறீங்க?" என்று கேட்டாள். "இல்லம்மா, பல்லோட ஆளே போறான்" என்று திறந்து காட்டினேன். அந்தப் பெட்டி முழுவதும் வந்து பார்த்துவிட்டுப் போனது. டிக்கெட் பரிசோதகர் டிக்கெட் கேட்கவே மறந்துவிட்டார்.

பெங்களூர் மண்டபத்தில் மேஜை மேஜையாகப் பொம்மைகள். டாங்கி, குதிரை, தலை மூன்று உள்ள டிராகன். அந்த நடுவர் அம்மா கையில் பேனா டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வந்தார். நரைத்த தலை, நூல் சேலை, தமிழ் பேசினார். எங்களிடம் வந்ததும் தளபதியின் முகத்தைப் பார்க்கவில்லை. சுழல்பலகையைப் பிடித்து அவனைத் திருப்பினார். முதுகுக் குஞ்சத்தில் டார்ச் அடித்தார். அந்த ஒரு வாரம் முழுவதும் அந்த வெளிச்சத்தில் நின்றது. அப்புறம் தோள், நீலம், தாடைக்குக் கீழே குல்லாய்க் கயிறு முடிந்த விதம். பிறகு முகமூடியின் பல். அங்கே பூதக்கண்ணாடி அசையாமல் நின்றது.

"ஒவ்வொரு பல்லும் தனித்தனியா இருக்கே. நீங்க டென்டிஸ்டா?"

"இல்லம்மா. டென்டிஸ்டு பிடுங்குவாரு. நான் கட்டுவேன்."

அவர் கீற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "கண்ணுகூட இருக்கு!" என்றார். "ஏன் இடப்பக்கம் பாக்கறார்?"

"எதிரி அங்கன இருந்துதாம்மா வாறான்" என்றார் அண்ணாச்சி, கொஞ்சமும் யோசிக்காமல்.

"மூவாயிரம் பேரு" என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, பூதக்கண்ணாடியை மடக்கி, நிமிர்ந்து, அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார்: "சரியா இருக்கு."

அண்ணாச்சிக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும், "என்னம்மா சொன்னீங்க?" என்றார்.

"எல்லாம் சரியா இருக்குங்க ஐயா."

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். டப்பாக்கள் எல்லாம் கடகடவென்று ஆடின. கை நடுக்கம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

கோப்பை டிராகனுக்குப் போனது. மூன்று தலைப் பல்லிக்குக் கோப்பையா என்று நான் மண்டபமே கேட்கிற மாதிரி நியாயம் பேசினேன். அண்ணாச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஹோட்டலில் நெய்ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தார். அவர் தமக்குத் தாமே கட்டிய பல்லால் ரோஸ்ட்டை மொறுமொறுவென்று கடித்தார். ரயிலில் மெதுவாகக் கேட்டேன், "அண்ணாச்சி, நான் எழுதுன கொடி எப்படி?" ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "கொடி பரவாயில்ல" என்றார். அவரிடம் பரவாயில்லை வாங்கிய ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு அவர் பிரஷ்ஷைத் தொடவில்லை. ஆனால் ஒரு புது வேலை ஆரம்பித்தார். தமக்குக் கிடைத்த அந்தச் சொல்லை ஊரெல்லாம் கொடுக்க ஆரம்பித்தார். வாழைத்தார் கட்டுகிறவன் கயிற்றை நன்றாக முடிந்தால், நின்று, "சரியா கட்டியிருக்கேடே" என்பார். ரிவர்ஸில் பஸ்ஸை அழகாகச் சுவரோரம் நிறுத்திய டிரைவரிடம் ஜன்னல் வழியாகச் சொல்வார். வண்ணார்பேட்டையில் என் கடைக்கு எதிரே பரோட்டா மாஸ்டரிடம் ஒருநாள் போய், "அடுக்கு பிரியுதது சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மாஸ்டர் என்னிடம் ஓடிவந்தான். "அண்ணாச்சி, அந்தப் பெரியவரு யாரு? கடன் கேக்கப்போறாரா?"

"இல்லவே."

"பின்ன எதுக்கு நல்லா இருக்குன்னு சொல்லுதாரு? எனக்குக் கையே ஓடலயே."

அடுத்த நாள் அவன் போட்ட பரோட்டாவைத் தின்ன சேரன்மகாதேவியிலிருந்தெல்லாம் ஆள் வந்தது.

தளபதி ஜெபா வீட்டு அலமாரியில் நிற்கிறான், அங்கேயே நிற்கட்டும். "மாமா, அப்பா ஞாபகமா ஏதாவது எடுத்துக்கிடுங்க" என்று அவள் சொன்னபோது வேண்டாம் என்றேன். அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதை அடக்கத்து அன்றே எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு சொல்லைத்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம். ஜெபம் முடிந்து பெட்டியை மூடினார்கள். எத்தனையோ அடக்கத்துக்குப் போயிருக்கிறேன். மூடி ஒரு பக்கம் உட்காராது, நாலு பேர் அழுத்துவார்கள், ஆணி வளையும். இது அப்படியில்லை. இரண்டு பேர் பிடித்து வைத்ததும் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி கிடையாது. பெட்டி செய்தவர் திருப்புளியோடு வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றார். கைலி, தோளில் துண்டு, என் வயது இருக்கும். எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது நான் அவர் பக்கம் போனேன்.

"வே, மூடி சரியா இருக்கு."

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். "என்ன அண்ணாச்சி?"

"பொருத்தம் சரியா இருக்குன்னு சொல்லுதேன். நல்லாச் செஞ்சிருக்கீரு."

அவர் கீழே பார்த்தார். திருப்புளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "இத்தன வருசமா பெட்டி அடிக்கேன். ஒருத்தனும் வந்து சொன்னதில்ல அண்ணாச்சி."

"சொல்ல வேண்டியவன் உள்ள படுத்திருக்கான். எப்படி வந்து சொல்லுவான்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். எனக்கும் வந்துவிட்டது. தோள் குலுங்க நின்ற எங்களைப் பார்த்து, பாவம், இவர்களுக்குத்தான் எவ்வளவு துக்கம் என்று பெண்கள் இன்னும் உரக்க அழுதார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியிடம் போனார். மூடியில் யாருடைய கைரேகையோ பதிந்திருந்தது. அதைத் துண்டால் ஒற்றி எடுத்தார். பிறகு திருப்புளியை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே முன்பக்கத்துக்கு வந்து, பெட்டிக்குத் தோள் கொடுத்தார்.